‘ஜாப்’ என்று தேடினால் எது உருப்படியான பதில் தருகிறது? இணைய ஆங்கில அகராதிகள்: ஒரு மதிப்பாய்வு

ஒரு ஆங்கிலச் சொல்லுக்குப் பொருளும் இணைச்சொற்களும் வேண்டுமென்றால் இன்று இணையத்தில் பஞ்சமே கிடையாது. தேடுபொறியில் தட்டினால் நொடியில் முப்பது நாற்பது சொற்கள் வந்து விழும். அந்த நாற்பதில் எதை எடுத்து எந்த வாக்கியத்தில் போட்டால் நிற்கும், எதைப் போட்டால் படிப்பவர் புருவத்தைச் சுருக்குவார் என்று சொல்லித்தரும் தளங்கள் மிகச் சில. அவை எவை, எப்படிப் பயன்படுத்துவது என்பதைப் பார்க்கத்தான் இந்த மதிப்பாய்வு.

சோதனைக்கு எடுத்துக்கொண்ட சொல் ‘ஜாப்’. பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த பெயர்ச்சொல்லை ஏன் எடுக்க வேண்டும் என்று தோன்றலாம். அரிய சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரே பொருள்தான் இருக்கும்; அதை எந்த அகராதியும் சரியாகச் சொல்லிவிடும். அகராதியின் தரம் வெளிப்படுவது அன்றாடச் சொல்லில்தான். ‘ஜாப்’ என்றால் சம்பள வேலை, செய்து முடிக்க வேண்டிய தனிக் காரியம், ஒருவருக்கு உரிய பொறுப்பு, திருட்டு, கணினியோ அச்சுப்பொறியோ வரிசையில் வைத்திருக்கும் பணி, ‘நோஸ் ஜாப்’ என்னும்போது அறுவை சிகிச்சை. இத்தனையையும் கலக்காமல் பிரித்துக் காட்டுவதே பாதி வேலை. மீதிப் பாதி, ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக இணைச்சொல் தருவது.

தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு இந்தச் சொல் தனியாக ஒரு பள்ளம் வெட்டி வைத்திருக்கிறது. நமக்கு எல்லாமே ‘வேலை’. வேலை கிடைத்தது, வேலை முடிந்தது, வேலைக்குப் போகிறேன், எனக்கு ஒரு வேலை இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஜாப்’ எண்ணத்தக்கது. ‘எ ஜாப்’, ‘டூ ஜாப்ஸ்’ என்று சொல்லலாம். ‘வொர்க்’ இந்தப் பொருளில் எண்ண இயலாதது. ‘எ வொர்க்’ என்றால் கலைப்படைப்பு ஆகிவிடும், ‘வொர்க்ஸ்’ என்றால் ஒரு கலைஞரின் படைப்புகள் அல்லது தொழிற்கூடம். ‘ஐ ஹேவ் எ வொர்க் டுடே’ என்ற வாக்கியம் பிறப்பது இங்கேதான். கூகுள் டிரான்ஸ்லேட்டில் ‘ஜாப்’ போட்டாலும் ‘வொர்க்’ போட்டாலும் ‘வேலை’ என்றே வருவதால் இந்தப் பிழை திருந்த வழியில்லாமல் போகிறது. ஆகவே ஒரு தளத்தை எடைபோடும்போது முதலில் பார்க்க வேண்டியது, எண்ணத்தக்கதா இல்லையா என்ற குறிப்பு ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் இருக்கிறதா என்பதை. அது இல்லாத அகராதி, எழுதுகிறவருக்குப் பாதி உதவிதான் செய்யும்.

முதலிடம் லாங்மனுக்கு. ‘லாங்மன் டிக்‌ஷனரி ஆஃப் கன்டெம்பரரி இங்கிலீஷ்’ 1978இல் முதலில் வெளிவந்தபோதே, விளக்கங்களைச் சுமார் 2,000 எளிய சொற்களுக்குள் அடக்கி எழுதுவது என்று முடிவெடுத்த அகராதி. அந்தக் கட்டுப்பாட்டின் பலன் இன்றும் இணையப் பதிப்பில் தெரிகிறது: விளக்கத்தில் வரும் சொல்லுக்கு இன்னொரு விளக்கம் தேட வேண்டியிருக்காது. ‘ஜாப்’ பக்கத்தைத் திறந்ததும் சொல்லின் அருகே எஸ்1, டபிள்யூ1 என்ற குறிகள் இருக்கும். பேச்சிலும் எழுத்திலும் மிக அதிகம் புழங்கும் முதல் ஆயிரம் சொற்களில் இது ஒன்று என்று அர்த்தம். இணைச்சொல் தேடும்போது இந்தக் குறி ரொம்பவும் உதவும். மாற்றுச் சொல்லின் பக்கத்துக்குப் போய் அங்கே குறி இருக்கிறதா என்று பார்த்தால், அது புழக்கத்தில் உள்ள சொல்லா, ஏட்டோடு நிற்கும் சொல்லா என்று உடனே புரிந்துவிடும்.

லாங்மனின் உண்மையான பலம் அந்தப் பக்கத்தில் வரும் தெசாரஸ் பெட்டி, அதாவது இணைச்சொல் தொகுப்பு. அதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ‘ஜாப்’ என்பது ஒரு முதலாளியிடமோ நிறுவனத்திடமோ செய்யும் வழக்கமான சம்பள வேலை. ‘வொர்க்’ அதைவிடப் பொதுவானது. சொந்தமாகத் தொழில் செய்கிறவருக்கும் பொருந்தும். ‘போஸ்ட்’, ‘பொசிஷன்’ இரண்டும் முறைசார்ந்தவை, பெரிய நிறுவனத்தில் உள்ள குறிப்பிட்ட பதவியைக் குறிப்பவை. ‘ஆக்குபேஷன்’ பெரும்பாலும் படிவங்களில் வரும் சொல். ‘புரொஃபஷன்’ என்றால் தனிப் படிப்பும் பயிற்சியும் தேவைப்படும் தொழில்: மருத்துவம், சட்டம், ஆசிரியப் பணி. ‘டிரேட்’ கைத்திறன் சார்ந்தது, அதற்கும் பயிற்சி உண்டு. ‘கரியர்’ வாழ்நாளின் பெரும்பகுதிக்கு நீளும் பாதை. ‘வேகன்சி’, ‘ஓப்பனிங்’ இரண்டும் ஆள் இல்லாமல் காலியாக இருக்கும் இடம். ‘போஸ்டிங்’ என்றால் நிறுவனம் ஒருவரைச் சில காலத்துக்கு வேறு ஊருக்கோ நாட்டுக்கோ அனுப்பிவைப்பது. ‘எம்ப்ளாய்மென்ட்’ வேலையில் இருக்கும் நிலை. இவற்றையெல்லாம் வெறும் பட்டியலாக அடுக்காமல், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கமும் ஒரு வாக்கியமும் சேர்த்துத் தருகிறார்கள். இவ்வளவு இடம் ஒதுக்கி ஒரு எளிய சொல்லைக் கவனிப்பவர்கள் அகராதித் துறையில் அதிகம் பேர் இல்லை.

அதே பக்கத்தில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஒருவரிடம் ‘வாட் இஸ் யுவர் ஜாப்?’ என்றோ ‘வாட் இஸ் யுவர் வொர்க்?’ என்றோ கேட்காதீர்கள், ‘வாட் டு யூ டூ?’ என்று கேளுங்கள் என்கிறது. இலக்கணப்படி முன்னதில் குற்றம் காண முடியாது. ஆனால் அந்த மொழியைப் பேசிப் பழகியவர்கள் அப்படிக் கேட்பதில்லை. எந்த இணைச்சொல் பட்டியலிலும் கிடைக்காத தகவல் இது. சில நேரம் ஒரு பெயர்ச்சொல்லுக்கான சிறந்த மாற்று இன்னொரு பெயர்ச்சொல்லாக இருக்காது, வினையாக இருக்கும் என்பதைப் பட்டியல் எப்படிச் சொல்லும்?

சேர்ந்து வரும் சொற்களுக்கான பெட்டியும் லாங்மனில் நிறைவாக இருக்கிறது. ‘அப்ளை ஃபார் எ ஜாப்’, ‘ஹோல்டு டவுன் எ ஜாப்’, ‘டெட்-எண்ட் ஜாப்’, ‘ஸ்டெடி ஜாப்’ என்று வினையும் பெயரடையும் பிரித்து அடுக்கியிருக்கிறார்கள். குறை என்று சொல்ல வேண்டுமானால் பக்கத்தின் நீளம். கைபேசியில் விரல் வலிக்கும் அளவுக்கு உருட்ட வேண்டியிருக்கிறது, இடையிடையே விளம்பரம். பிற நூல்களிலிருந்து தானாகத் திரட்டிய எடுத்துக்காட்டு வாக்கியங்களும் கீழே நீண்டுகொண்டே போகும். அவற்றைப் படிக்காமல் விட்டுவிடலாம். மேலே உள்ள பெட்டிகளே போதும்.

ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரீஸ் இரண்டாமிடம் என்றாலும் இடைவெளி மயிரிழைதான். ஆங்கில ஆசிரியர் ஏ. எஸ். ஹார்ன்பியின் கற்போர் அகராதி ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்தது 1948இல். பிறமொழிக்காரருக்கென்றே அகராதி எழுதும் வழக்கத்துக்கு அடித்தளம் போட்ட நூல்களில் அது ஒன்று. இணையத்தில் முழு அகராதியும் இலவசம். ‘ஜாப்’ பக்கத்தில் முதல் பொருளுக்கு அருகே ஏ1 என்ற நிலைக்குறி (தொடக்க நிலையிலேயே கற்க வேண்டிய சொல் என்று பொருள்), எண்ணத்தக்கது என்ற குறிப்பு, பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்புகள் இரண்டு ஒலிப்பொத்தான்களாக. பிரிட்டிஷ் உச்சரிப்பில் உயிர் குறுகியும் அமெரிக்க உச்சரிப்பில் நீண்டும் ஒலிப்பதைக் கேட்டே தெரிந்துகொள்ளலாம்.

ஆக்ஸ்ஃபோர்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, இணைச்சொல் பெட்டியின் அடியில் ‘பேட்டர்ன்ஸ்’ என்ற தலைப்பில் வரும் சில வரிகள். பலர் அதைக் கவனிப்பதே இல்லை. ‘ஜாப்’ பெட்டியில் ஐந்து சொற்கள்தான்: ஜாப், பொசிஷன், போஸ்ட், வேகன்சி, அப்பாயின்ட்மென்ட். அதற்குக் கீழே, எந்தத் தொடருக்குள் இவற்றில் எவையெல்லாம் மாறி மாறி உட்காரும் என்று காட்டுகிறார்கள். ‘பெர்மனன்ட்’, ‘டெம்பரரி’ என்ற அடைகளுடன் ஐந்தும் வரும். விண்ணப்பிப்பது, நிரப்புவது என்ற வினைகளுடன் ‘அப்பாயின்ட்மென்ட்’ தவிர மற்ற நான்கும் வரும். ராஜினாமா செய்யும்போது ‘ஜாப்’, ‘பொசிஷன்’, ‘போஸ்ட்’ மூன்று மட்டுமே நிற்கும். காலியாக இருக்கும் ‘வேகன்சி’யிலிருந்து யாரும் விலக முடியாதல்லவா? இணைச்சொல் என்ற கருத்தையே இந்தச் சில வரிகள் ஒழுங்குபடுத்திவிடுகின்றன. இரண்டு சொற்கள் ஒன்றுக்கொன்று மாற்று என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது. இந்தத் தொடரில் மாற்று, அந்தத் தொடரில் இல்லை என்றுதான் சொல்ல முடியும்.

செய்து முடிக்க வேண்டிய காரியம் என்ற பொருளுக்கு ஆக்ஸ்ஃபோர்டு ‘டாஸ்க்’ பக்கத்தில் வேறு பெட்டி வைத்திருக்கிறது. ‘வொர்க்’ பக்கத்தில் இன்னொன்று. இது சரியான ஏற்பாடு. ஆனால் ‘ஜாப்’ பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடுகிறவருக்கு மற்ற பெட்டிகள் இருப்பதே தெரியாமல் போகும். ஆகவே ஆக்ஸ்ஃபோர்டைப் பயன்படுத்தும்போது, தேடிய சொல்லோடு நிற்காமல் அதன் உறவுச் சொற்களின் பக்கங்களையும் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

காலின்ஸ் வேறு தினுசு. அதன் கோபில்டு அகராதி 1987இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் உருவானது. பெருந்திரட்டான உண்மை வாக்கியங்களைக் கணினியில் தொகுத்து, அதிலிருந்து பொருள் கண்டது. விளக்கத்தை முழு வாக்கியமாகவே எழுதுவது அதன் முத்திரை. ‘எ ஜாப் இஸ் தி வொர்க் தட் சம்ஒன் டஸ் டு எர்ன் மணி’ என்று தொடங்குகிறது. பொருளோடு சேர்த்து, அந்தச் சொல்லுக்கு முன் ‘எ’ வருமா, எந்த வினை பின்தொடரும் என்பதும் வாக்கியத்திலேயே கிடைத்துவிடுகிறது. இலக்கணக் குறியீடுகளைப் பார்த்தாலே மிரள்கிறவர்களுக்கு இதைத்தான் முதலில் காட்ட வேண்டும். ஒரே பக்கத்தில் கோபில்டு, பிரிட்டிஷ் ஆங்கில அகராதி, அமெரிக்க ஆங்கில அகராதி என்று அடுத்தடுத்து வைத்திருப்பதில் ஒரு சிக்கல் உண்டு: எது எந்த அகராதியின் விளக்கம் என்று கவனிக்காமல் படித்தால் ஒரே பொருள் மூன்று முறை வந்து குழப்பும். மேலே உள்ள கோபில்டு பகுதியோடு நின்றுகொள்ளுங்கள்.

கேம்பிரிட்ஜில் ஒவ்வொரு பொருளுக்கும் மேலே பெரிய எழுத்தில் ஒரு வழிகாட்டிச் சொல் இருக்கும். நீளமான பதிவில் நமக்கு வேண்டிய பொருளைக் கண்ணால் பிடிக்க இது நல்ல உதவி. ஆங்கிலம்–தமிழ் அகராதியும் அதே தளத்தில் உண்டு; பொருள் வாரியாகத் தமிழ் தருவதால், ஒற்றைச் சொல்லை நீட்டிவிட்டு ஒதுங்கும் மொழிபெயர்ப்புச் செயலியைவிட மேல். ஒரு எச்சரிக்கை: பக்கத்தின் கீழ்ப்பகுதியில் வாக்கியத் திரட்டிலிருந்து தானாக எடுத்த எடுத்துக்காட்டுகள் வரும். ‘ஜாப்’ போன்ற சொல்லுக்கு அங்கே வருபவை ஆய்வுக் கட்டுரைகளின் இறுகிய வாக்கியங்கள். மாதிரியாக எடுத்துக்கொள்ளத் தகுந்தவை அல்ல.

மெரியம்-வெப்ஸ்டரை மாணவர்கள் முதலில் திறக்கக் கூடாது, கடைசியில் கட்டாயம் திறக்க வேண்டும். தாய்மொழிக்காரருக்கு எழுதிய அமெரிக்க அகராதி என்பதால் எண்ணத்தக்கது, எண்ண இயலாதது என்ற குறிப்பு அதன் முதன்மை அகராதியில் கிடைக்காது. அந்தக் குறிப்புகளோடு அமெரிக்க ஆங்கிலம் வேண்டுமென்றால் பிரிட்டானிகா டிக்‌ஷனரி தளத்துக்குப் போகலாம். ஆனால் நெருங்கிய சொற்களுக்கு இடையே உள்ள நுட்ப வேறுபாட்டை எழுதுவதில் மெரியம்-வெப்ஸ்டரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ‘டாஸ்க்’ பக்கத்தில் கீழே போனால், சரியான இணைச்சொல்லைத் தேர்ந்தெடுக்க உதவும் ஒரு பத்தி வரும். டாஸ்க், டியூட்டி, ஜாப், சோர், ஸ்டின்ட், அசைன்மென்ட் என்ற ஆறையும் அதில் வரிசையாக நிறுத்தி வேறுபாடு சொல்கிறார்கள். ‘டாஸ்க்’ மேலே இருப்பவரோ சூழ்நிலையோ சுமத்துவது. ‘டியூட்டி’யில் கடமை உணர்வு இருக்கிறது. ‘ஜாப்’ தானாக முன்வந்து செய்வது, சில நேரம் அதன் கடினத்தையும் உணர்த்தும். ‘சோர்’ வீட்டையோ பண்ணையையோ நடத்தத் தினமும் செய்யும் சில்லறை வேலை. ‘ஸ்டின்ட்’ அளந்து ஒதுக்கிய பங்கு. ‘அசைன்மென்ட்’ அதிகாரம் உள்ளவர் எல்லை வகுத்துக் கொடுத்தது. ஆறு சொற்களுக்கும் பொதுவான பொருள் ஒன்றே. யார் கொடுத்தார், ஏன் செய்கிறோம் என்ற கேள்விக்கு ஒவ்வொன்றும் தரும் பதில்தான் வேறு. இப்படிப்பட்ட பத்தி இருக்கும் சொற்களுக்கு வேறு எங்கும் தேடத் தேவையில்லை.

இனி தெசாரஸ் தளங்கள். தெசாரஸ்.காம், பவர் தெசாரஸ் இரண்டுமே வேகமானவை, பட்டியல் நீளமானது. முன்னது நெருக்கத்துக்கு ஏற்ப வலுவான பொருத்தம், பலவீனமான பொருத்தம் என்று பிரித்துக் காட்டுகிறது; பின்னது பயனர்களே சொற்களைச் சேர்த்து வாக்களித்து உருவாக்கும் பட்டியல். இரண்டிலும் ஒரே குறை: சொல்லுக்குப் பக்கத்தில் விளக்கம் இல்லை, தொடர் இல்லை. இந்தக் குறைக்கு வயது அதிகம். பீட்டர் மார்க் ரோஜே என்ற மருத்துவர் 1852இல் தம் தெசாரஸை வெளியிட்டபோது, மனத்தில் கருத்து இருக்கிறது, சொல் நாவில் வரவில்லை என்று தவிப்பவருக்காகத் தொகுத்தார். அதனால் சொற்களை அகர வரிசையில் வைக்காமல் கருத்து வாரியாகப் பிரித்தார்; விளக்கம் தரவில்லை. படிப்பவருக்குச் சொல் ஏற்கெனவே தெரியும், நினைவூட்டினால் போதும் என்பது அதன் அடிப்படை. சொல்லையே இன்னும் கற்றுக்கொண்டிருப்பவர் கையில் அந்த வகைப் பட்டியலைக் கொடுத்தால் என்ன ஆகும்? ‘ஐ லாஸ்ட் மை ஜாப்’ என்பதை அழகுபடுத்தப் போய் ‘ஐ லாஸ்ட் மை வேகன்சி’, ‘ஐ லாஸ்ட் மை ஆக்குபேஷன்’ என்று எழுதி வைப்பார். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் பட்டியலில் உள்ள சொற்கள்தாம்.

ஆகவே தெசாரஸ் தளத்தை நினைவூட்டலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கண்ட சொல் ஏற்கெனவே உங்களுக்குப் பழக்கமானது என்றால் எடுக்கலாம். புதிது என்றால், லாங்மனிலோ ஆக்ஸ்ஃபோர்டிலோ ஒருமுறை சரிபார்க்காமல் வாக்கியத்தில் வைக்கவே கூடாது. கூகுள் தேடலின் உச்சியில் வரும் அகராதிப் பெட்டிக்கும் இதே விதிதான். ஆக்ஸ்ஃபோர்டு லாங்வேஜஸ் தரும் உள்ளடக்கம் என்பதால் விளக்கம் நம்பகமானது. ஒவ்வொரு பொருளுக்கும் கீழே தனித்தனியாக ஒத்த சொற்கள் வருவதும் நல்லதே. ஆனால் இலக்கணக் குறிப்பு போதாது.

வேர்ட்நெட் பற்றி ஒரு வார்த்தை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1985இல் தொடங்கிய திட்டம் இது. ஒரே பொருள் தரும் சொற்களை ஒரு கொத்தாகக் கட்டி, ஒவ்வொரு கொத்துக்கும் மேலே பொதுச்சொல், கீழே சிறப்புச்சொல் என்று கிளை விரித்திருக்கிறார்கள். பெயர்ச்சொல்லுக்கு இது மிகப் பொருத்தமான அமைப்பு. மொழித்தொழில்நுட்பம் செய்பவர்களுக்குப் பெரிய பொக்கிஷம். சாதாரணப் பயனருக்கு ஒரு இடறல் உண்டு. ‘ஜாப்’ என்று தேடினால், விவிலியத்தில் துன்பம் பொறுத்த யோபுவும் அதே எழுத்துக்கூட்டில் வருவதால் அவரும் பட்டியலில் வந்து நிற்பார். அந்தப் பெயர் நெடில் ஓகாரத்தோடு ‘ஜோப்’ என்று ஒலிக்கும். வேலை என்ற சொல்லோடு அதற்கு உறவில்லை. உச்சரிப்பு தராத ஒரு தளத்தில் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது.

தமிழ் வாசகருக்கென்றே ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். ‘இட்ஸ் எ குட் ஜாப் யூ கேம்’ என்ற பிரிட்டிஷ் பேச்சுவழக்கு வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லுக்குச் சொல் போட்டால் ‘நல்ல வேலை’ என்று வரும். அதன் பொருளோ ‘நல்ல வேளை, நீ வந்தாய்’. லகரம் ளகரமாக மாறினால்தான் அர்த்தம் சரியாகும். இந்தத் தொடரை லாங்மன் தனித் தொடராகவே பதிந்து, பிரிட்டிஷ் பேச்சுவழக்கு என்று குறிப்பும் போட்டிருக்கிறது. வெறும் தெசாரஸ் பட்டியலில் இதற்கு வழியே இல்லை. ஒரு பெயர்ச்சொல்லைத் தேடும்போது அதன் தனிப்பொருள்களோடு, பதிவின் கடைசியில் வரும் மரபுத்தொடர்களையும் படித்துவிடுவது எப்போதும் பயன் தரும். ‘இன்சைட் ஜாப்’ என்றால் உள்ளே இருப்பவரே செய்த குற்றம், ‘ஜாப் லாட்’ என்றால் மொத்தமாக விற்கும் பலதரப்பட்ட சரக்கு என்பதெல்லாம் அங்கேதான் கிடைக்கும்.

சேர்ந்து வரும் சொற்களுக்கு மட்டும் தனியாக ஒரு கருவி வேண்டுமென்றால் ஸ்கெல் இருக்கிறது. ஸ்கெட்ச் எஞ்சின் நிறுவனத்தின் இலவசச் சேவை, பதிவு செய்ய வேண்டியதில்லை. மூன்று பகுதிகள்: எடுத்துக்காட்டு வாக்கியங்கள், சொல்லின் சுற்றம், ஒத்த சொற்கள். இரண்டாவது பகுதியில் ‘ஜாப்’ என்று போட்டால், அதைச் செயப்படுபொருளாகக் கொள்ளும் வினைகள் ஒரு நிரல், அதற்கு முன் வரும் அடைகள் ஒரு நிரல் என்று பிரிந்து வரும். அடுத்து ‘போஸ்ட்’ என்று போட்டு இரண்டையும் ஒப்பிட்டால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். ஆனால் இதெல்லாம் கணினி தானாகத் திரட்டியது. ‘போஸ்ட்’ என்றதும் கம்பமும் அஞ்சலும் சமூக வலைத்தளப் பதிவும் கலந்தே வரும். மூன்றாவது பகுதியில் வரும் ஒத்த சொற்களை இணைச்சொல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே மாதிரியான சூழலில் வரும் சொற்கள் அவை, அவ்வளவுதான். எதிர்ச்சொற்கள்கூட அதில் நுழையும்.

இத்தனை தளங்களையும் வரிசைப்படி எப்படிக் கையாள்வது? ஒரு விண்ணப்பக் கடிதம் எழுதுகிறீர்கள், ஒரே பத்தியில் ‘ஜாப்’ நான்கு முறை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில், அந்த நான்கு இடத்திலும் ‘ஜாப்’ ஒரே பொருளில்தான் வருகிறதா என்று பாருங்கள். இரண்டு இடத்தில் நீங்கள் கேட்கும் பதவியையும், ஒரு இடத்தில் முன்பு செய்த காரியத்தையும், இன்னொன்றில் உங்கள் தொழில்வாழ்க்கை முழுவதையும் குறித்திருக்கலாம். அப்படியானால் மாற்றுச் சொல் ஒன்றல்ல, மூன்று வேண்டும். கேட்கும் பதவிக்கு ஆக்ஸ்ஃபோர்டு பெட்டியில் ‘பொசிஷன்’. கடிதத்தின் நடைக்கு அது பொருந்தும். செய்த காரியத்துக்கு மெரியம்-வெப்ஸ்டர் பத்தியைப் பார்த்து ‘டாஸ்க்’ அல்லது ‘அசைன்மென்ட்’. முழுப் பாதைக்கு ‘கரியர்’. பிறகு ஒவ்வொரு இடத்திலும் மூன்றைச் சரிபாருங்கள்: ‘எ’ அல்லது ‘ஆன்’ தேவையா, பன்மை ஏற்குமா, பின்னால் வரும் பிரிபொசிஷன் (‘அட்’, ‘இன்’ போன்ற இணைப்புச் சொல்) மாறுகிறதா. ‘ஜாப் அட்’ என்பது ‘போஸ்ட் அட்’ ஆகும்போது ஒன்றும் மாறாது. ‘எ ஜாப்’ என்பது ‘எம்ப்ளாய்மென்ட்’ ஆகும்போது ‘எ’ உதிர்ந்தாக வேண்டும், ‘ஆக்குபேஷன்’ ஆகும்போது ‘ஆன்’ வந்தாக வேண்டும். பிழைகளில் பெரும்பகுதி இந்தக் கடைசிப் படியைத் தாண்டிப் போவதால் வருபவை. சொல்லை மாற்றிவிட்டு அதைச் சுற்றி இருப்பதை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

நான்கையும் மாற்ற வேண்டிய கட்டாயமும் இல்லை. தெளிவுக்காக ஒரே சொல் திரும்ப வருவது ஆங்கிலத்தில் குற்றமில்லை. சட்ட ஆவணத்திலும் தொழில்நுட்பக் கையேட்டிலும் ஒரு பொருளுக்கு ஒரே சொல் என்பதுதான் விதி. அங்கே ‘ஜாப்’ என்று தொடங்கி நடுவில் ‘டாஸ்க்’ என்று மாற்றினால், படிப்பவர் இரண்டும் வெவ்வேறு என்று எண்ணிக்கொள்வார். அச்சுப்பொறியின் கையேட்டில் ‘பிரின்ட் ஜாப்’ என்பது கடைசிப் பக்கம்வரை ‘பிரின்ட் ஜாப்’தான்.

உரையாடும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்பவர்களும் உண்டு. முழு வாக்கியத்தையும் கொடுத்து, இந்த இடத்தில் எது பொருந்தும் என்று கேட்க முடிவது அவற்றின் வசதி. தனிச்சொல்லை மட்டும் தேடும் அகராதியால் அது ஆகாது. ஆனால் அவை தவறான பதிலையும் சரியான பதிலின் அதே உறுதியோடு சொல்லும். அங்கே கிடைத்த சொல்லையும் தெசாரஸ் சொல்லைப் போலவே கற்போர் அகராதியில் ஒருமுறை நிறுத்திப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

கைபேசியில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள இடமிருக்கிறது என்றால் லாங்மன் பக்கத்தை முகப்புத்திரையில் குறுக்குவழியாகச் சேர்த்துவிடுங்கள். இரண்டாவதுக்கும் இடமிருந்தால் ஆக்ஸ்ஃபோர்டு. தேடல் பெட்டியில் பெயர்ச்சொல்லை ஒருமையில் தட்டுங்கள். சில சொற்களுக்குப் பன்மை வேறு பொருளோடு தனிப் பதிவாக இருக்கும், ‘வொர்க்ஸ்’ அதற்கு நல்ல உதாரணம். ஒரே எழுத்துக்கூட்டில் பெயரும் வினையும் இருந்தால் ஆக்ஸ்ஃபோர்டு அவற்றைத் தனித்தனிப் பக்கங்களாக வைக்கிறது. தேடியதும் திறக்கும் பக்கத்தில் பெயர்ச்சொல் என்ற குறி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.